சத்தம் யாருக்கு, புகை யாருக்கு?

தோழர்களே, இந்த முறை வண்டியைப் பற்றி எழுதுகிறேன். தீர்ப்பு, அரசாணை, கண்டன அறிக்கை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அலுவலகத்தில் மூன்று வாரமாக இதைத்தான் பேசினோம். சில நாள் சண்டையாகவே போனது. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

எங்களிடம் இருப்பது 2009-ல் பதிவான மஹிந்திரா பொலிரோ. திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று இந்த மாவட்டத்தின் வடக்கு முழுக்கச் சுற்றிய வண்டி. கொத்தடிமை மீட்பு, வன்கொடுமை வழக்கில் சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவது, இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழ் மனு எழுதுவது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். முதுகலை சமூகவியல் முடித்து இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அதிக நேரம் உட்கார்ந்த இடம் இதன் டிரைவர் சீட்தான்.

பொலிரோ 2000-ல் சந்தைக்கு வந்த வண்டி. எங்களுடையதில் இருப்பது 2,523 சி.சி. டர்போ டீசல் எஞ்சின், 63 குதிரைத்திறன். இன்றைக்கு வரும் சின்னக் கார்கள் சிலவற்றிலேயே இதைவிடச் சக்தி அதிகம். 2024-ல் 15 வருடம் முடிந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, வரி கட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்தோம். புது வண்டி வாங்கக் காசில்லை. ஆக 2029 வரை இதுவே கதி.

போன கோடையில் வண்டி இழுக்க மறுத்தது. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே திணறியது. பின்னால் கரும்புகை. சைலன்சரில் எங்கோ ஓட்டை, டிராக்டர் போல அதிர்ந்தது. ஒருநாள் இரவு விசாரணை முடிந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தபோது பின்சீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளும் தலை வலிக்கிறது என்றார்கள். மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். உடனே இறக்கச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

அங்கேதான் பேச்சு ஆரம்பித்தது. எங்களோடு வேலை செய்யும் தம்பிகள் மூன்று பேர். இருவர் கல்லூரி முடித்தவர்கள், ஒருவர் இன்னும் படிக்கிறார். மூவருக்கும் வண்டிப் பைத்தியம். எப்படியும் செலவு செய்யப்போகிறோம், அதை ஒழுங்காகச் செய்வோமே என்றார்கள். அவர்கள் பட்டியல் இது: பழைய ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடுவது, சைலன்சரைக் கழற்றிவிட்டு அகலமான குழாயோடு ஃப்ரீ ஃப்ளோ போடுவது, டீசல் பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது, முடிந்தால் மழைக்காலத்துக்கு ஒரு ஸ்நார்கெல். சென்னையில் ஒரு கடையில் விலையும் கேட்டு வந்துவிட்டார்கள். ஸ்நார்கெல் இல்லாமல் 22,000 ரூபாய்.

"பிக்-அப்பும் வரும், சத்தமும் வரும்க்கா" என்றார் ஒருவர்.

"சத்தம் எதுக்குத் தம்பி?"

"அவங்க ஸ்கார்ப்பியோ வருது, தார் வருது. அரை கிலோமீட்டர் முன்னாடியே தெருவு ஒதுங்குது. நம்ம வண்டி வந்தா நாய்கூட எந்திரிக்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர் ஊரில் திருவிழா நாளில் அந்தத் தரப்பு வண்டிகள் காலனித் தெருமுனையில் வந்து நின்று, கியர் போடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்து உறுமவிட்டுப் போவதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அடிக்கவில்லை, திட்டவில்லை, எந்தச் சட்டப்பிரிவிலும் சேராது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். சமூகவியல் வகுப்பில் ஆதிக்கத்தின் குறியீடுகள் என்று படித்ததை அவர் சைலன்சரில் படித்திருக்கிறார்.

அதன் மறுபக்கமும் அவருக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவர் கையில் வெட்டப்பட்டார். புல்லட் ஓட்டியதற்காகத்தான் சாதியைச் சொல்லி வெட்டினார்கள் என்று அவர் தரப்பு புகார் கொடுத்தது. வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. புல்லட்டை எல்லோருக்கும் அதன் சத்தத்தால்தான் தெரியும். ஒருவன் எந்த வண்டி ஓட்டலாம், எவ்வளவு சத்தத்தோடு எந்தத் தெருவில் போகலாம் என்பதை இன்னொருவன் முடிவு செய்கிறான். இது நேற்று வந்ததல்ல. செருப்புப் போடாதே, சைக்கிளிலிருந்து இறங்கி நட, துண்டைத் தோளில் போடாதே என்ற வரிசையில் இதுவும் ஒன்று. அதனால் "சத்தம் வேண்டாம், அடக்கமாகப் போவோம்" என்று அந்தத் தம்பியிடம் என்னால் சொல்ல முடியாது. அந்த வார்த்தையை நம் பாட்டன்மார்களுக்கு யார் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அப்படியென்றால் 22,000 ரூபாயைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் எனக்குச் சாலிஸ்காவ் நினைவுக்கு வந்தது.

அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு அந்தச் சம்பவம் தெரிந்திருக்கும். 1929. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். துலேயிலிருந்து திரும்பும் வழியில் சாலிஸ்காவில் இறங்குகிறார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போக டோங்கா பிடிக்கிறார்கள். ஒரு மகரை ஏற்றி ஓட்ட எந்த டோங்காக்காரரும் தயாராக இல்லை. அவரை நடத்திக் கூட்டிப்போவதும் தங்கள் தலைவருக்கு மரியாதை இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். கடைசியில் டோங்காவை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழகாத ஒருவரே ஓட்டினார். பாலத்தில் வண்டி நிலைதவறியது. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. கண்ணியத்தைக் காப்பாற்றப் போய் உயிருக்கே ஆபத்தை வரவழைத்துவிட்டார்கள் என்பதை அண்ணலே பதிவு செய்திருக்கிறார். அந்த மக்கள்மீது அவருக்குக் கோபம் இல்லை. கண்ணியத்தையும் பாதுகாப்பையும் எதிரெதிராக நிறுத்தியது சாதி என்பதுதான் அவர் நமக்குக் காட்டியது.

எனவே நான் தம்பிகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த வண்டிக்கு என்ன வேலை, அந்த வேலைக்கு எது தேவை? முதலில் அதைத் தெரிந்துகொள்வோம், பிறகு முடிவெடுப்போம் என்றேன். நாலு பேரும் பட்டறைக்குப் போனோம்.

கவரைப்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பட்டறை. மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக ஆரம்பித்தவர், நம்மவர். தம்பிகளின் பட்டியலை முழுசாகக் கேட்டார். பிறகு பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் தட்டினார்.

"நீங்க எங்கெல்லாம் போனீங்கன்னு நான் சொல்லவா? இது சூளை செம்மண். இது ரெட்ஹில்ஸ் ரைஸ்மில் உமிச்சாம்பல். இந்தக் கறுப்பு சிப்காட்டு."

மூன்றும் சரி. துணியில் எங்கள் ஆறு மாத டைரி கிடந்தது. அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் அமைப்புகளுக்கு உதவும்.

பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று போகும் வாசல் திறக்கும். இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சினில் காற்றுக்கு அப்படி வாசல் கிடையாது. இழுக்க முடிந்த காற்றை எஞ்சின் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மிதித்தால் கூடுவது டீசல். அதனால் கம்பெனி ஃபில்டர் சுத்தமாக இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடுவதால் கிடைப்பது பெரும்பாலும் உஸ் என்ற சத்தம் மட்டுமே. இன்னொன்று, கம்பெனி டப்பா வெளிக்காற்றை இழுக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. திறந்த கூம்பு பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும்.

தூசு அதைவிட முக்கியம். கூம்பு ஃபில்டர்கள் காற்றைத் தாராளமாக விடும், நுண்ணிய தூசையும் கூடவே விடும். அந்தத் தூசு டர்போவின் இறக்கைகளை அரிக்கும், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ரேஸ் ஓடும் வண்டியின் எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கட்டுவார்கள், அவர்களுக்குப் பரவாயில்லை. சூளைக்கும் சிப்காட்டுக்கும் நடுவில் ஓடும் வண்டிக்கு அந்த ஃபில்டர் ஒரு வருடத்தில் எஞ்சின் வேலை வைத்துவிடும் என்றார்.

ஸ்க்ரூ விஷயம் கேட்டதும் அவர் முகம் மாறியது. பம்பில் டீசலைக் கூட்டினால் இழுவை வரும், பொய் இல்லை. ஆனால் அந்த டீசலை எரிக்கக் காற்று பத்தாது. எரியாத கரி புகையாக வெளியே வரும், புகைபோக்கிச் சூடு ஏறும், டர்போவும் பிஸ்டனும் அடிவாங்கும். கரும்புகை என்றால் பவர் என்று பையன்கள் நினைக்கிறார்கள், அது எரியாமல் வீணான டீசல் என்றார்.

ஃப்ரீ ஃப்ளோவைப் பற்றி நியாயமாகப் பேசினார். டர்போ வண்டியில் பின்னால் அடைப்பு குறைந்தால் டர்போ சீக்கிரம் சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் 63 குதிரைத்திறனில் அதன் வித்தியாசம் காலுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். ஸ்நார்கெலுக்கும் அதே நேர்மை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்த மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரை இழுத்து எஞ்சின் உடைந்து நின்றன. காற்றைப் போல் தண்ணீரை அமுக்க முடியாது, உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்நார்கெல் வைத்தால் காற்று வாய் உயரும். ஆனால் நடுவில் ஓட்டை இல்லாமல் முழுக்க அடைத்துப் பொருத்த வேண்டும், கதவு, ஒயரிங், கியர்பாக்ஸ் எல்லாம் நனையத்தான் செய்யும். "தண்ணி முட்டிக்கு மேல இருந்தா வண்டியக் கரையில விட்டுட்டு படகுல போங்கம்மா" என்றார்.

பிறகு எங்கள் வண்டியின் உண்மையான நோயைக் காட்டினார். ஃபில்டர் அடைத்திருந்தது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. டர்போ அமுக்கி அனுப்பும் காற்று பாதி வழியில் வெளியேறிக்கொண்டிருந்தது. காற்று குறைவு, டீசல் அதே அளவு, அதனால்தான் திணறலும் கரும்புகையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது, அங்கே கசிவு. சைலன்சரின் அடியில் துரு தின்ற ஓட்டை, சரியாகப் பின்சீட்டுக்குக் கீழே. எஞ்சினை ஓடவிட்டு, தடித்த ஈரத்துணியால் கடைசிக் குழாயின் வாயை ஒரு நொடி அடைத்துக் காட்டினார். கீழே அந்த ஓட்டையில் புஸ்ஸென்று சீறியது. பிள்ளைகளுக்குத் தலைவலி எங்கிருந்து வந்தது என்று அப்போது கண்ணால் பார்த்தோம்.

தம்பிகள் அமைதியாகிவிட்டார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அதோடு கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது, மணமில்லாத வாயு. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் தூங்கும் குழந்தைக்கு அது தெரியாது.

சட்டத்தையும் பார்த்தோம், எதையும் சட்டத்தோடு வைத்துப் பார்ப்பது நம் பழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 190-ஆவது பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். இந்தப் பிரிவுகள் எல்லோருக்கும் பொது. ஆனால் சோதனைச் சாவடியில் எந்த ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை நிறுத்துவார்கள், எதைக் கையசைத்து அனுப்புவார்கள் என்பதை இந்தப் பக்கம் ஓட்டுகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீலக்கொடி கட்டிய வண்டிக்குச் சைலன்சர் வழக்கு ஒன்று போட வாய்ப்பை நாமே கொடுக்க வேண்டுமா? மறுநாள் சாட்சியைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டிய வண்டி அது.

ஆனாலும் தம்பிகளை மாற்றியது சட்டமோ மெக்கானிக்கோ அல்ல. ஒரு அம்மா.

இந்த மாவட்டத்தின் சூளைகளைப் பற்றி இளைய தோழர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2011-ல் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அரிசி ஆலைகளிலிருந்து, சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்பதும் இங்கே பல வருடமாக நடக்கிறது. முன்பணம் கொடுத்து, கணக்குக் காட்டாமல், வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் முறை.

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு சூளைக்கு அதிகாரிகளோடு விடியற்காலையில் போனோம். அப்போதே எங்கள் சைலன்சர் உடைந்துதான் இருந்தது. வண்டி மண்பாதையில் திரும்பிய சத்தத்துக்குக் குடிசைகளிலிருந்து பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். எங்களிடம் அல்ல. பச்சைக் கல் அடுக்கியிருந்த வரிசைக்கு ஓடி, கல்லைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகூட. விடுதலைச் சான்று வாங்கிய பிறகு அந்தக் குடும்பத்தின் அம்மாவிடம் அன்றைக்கு ஏன் அப்படி ஓடினார்கள் என்று கேட்டிருந்தேன். பட்டறையிலிருந்து திரும்பிய வாரம் தம்பிகளோடு அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது அவரே அதைத் திரும்பச் சொன்னார்.

"முதலாளி வண்டி அப்பிடித்தான் சத்தமா வரும். அந்தச் சத்தம் கேட்டா படுத்திருக்கக் கூடாது. பசங்களுக்கு அது பழகிப்போச்சு. இப்பவும் ரோட்ல அந்த மாதிரி வண்டி போனா சின்னவன் எந்திரிச்சி உக்காந்துக்குவான்."

அதற்குமேல் யாரும் ஃப்ரீ ஃப்ளோ பற்றிப் பேசவில்லை. நாம் எந்த வீட்டுக்குப் போகிறோமோ, அந்த வீட்டுப் பிள்ளைகளின் காதில் அந்தச் சத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு அர்த்தம் இருக்கிறது. நாம் நீலக்கொடி கட்டினாலும் அது மாறாது. ஆண்டை வீட்டுத் திண்ணையை இடிக்கப் போன நாம் அவன் செருப்புச் சத்தத்தைக் கடன் வாங்க முடியாது.

கடைசியில் செய்த வேலை இதுதான். கம்பெனி ஏர் ஃபில்டர் 480 ரூபாய். இரண்டு ஹோஸும் கிளாம்ப்களும் 1,650. மேனிஃபோல்ட் கேஸ்கெட் 350. ஸ்டாண்டர்டு சைலன்சர் 3,200. அதைத் தொங்கவிடும் ரப்பர்கள் 200. கூலி 2,500. மொத்தம் 8,380 ரூபாய். மேம்பாலத்தில் இப்போது நான்காவது கியரிலேயே ஏறுகிறது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12.5 கொடுக்கிறது. புகைச் சோதனையில் இந்த வகைப் பழைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் வரை அனுமதி. ஹோஸ் வெடிக்கும் முன்பே எங்களுடையது 61-ல் தப்பித்துக்கொண்டிருந்தது, இப்போது 38. மிச்சமான பணத்தில் நாலு டயருக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

இவ்வளவோடு முடித்திருந்தால் இது ஒரு வண்டிக் குறிப்பு. ஆனால் பட்டறையில் பார்த்த ஒரு காட்சி என்னை விடவில்லை. எங்கள் பழைய ஃபில்டரை வைத்து, எப்படித் தூசு தட்டுவது என்று காட்டுவதற்காகக் கம்ப்ரஸரை எடுத்தான் அங்கே வேலை பார்க்கும் பையன். உள்ளிருந்து வெளியே காற்றடித்தான், மூன்று ஊர்த் தூசும் அவன் முகத்தில் அடித்தது. கைக்குட்டைகூடக் கட்டவில்லை. கேட்டதற்குப் "பழகிடுச்சுக்கா" என்றான். 63 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 480 ரூபாயில் ஃபில்டர் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்காக மாற்றுகிறோம். அவன் நுரையீரலுக்கு என்ன இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். உருக்காலை, வார்ப்பாலை, ரசாயன ஆலை. உள்ளே ஒப்பந்தத் தொழிலாளிகளாக ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் நம் பிள்ளைகளும். வெளியே லாரித் தூசு படியும் சாலையோரத்தில் காலனி. தெற்கே போனால் மணலி. நாட்டில் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் 2009 பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அதைச் சேர்த்தது.

தேர்வாய் கண்டிகையை மறந்துவிடாதீர்கள். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டி மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தண்ணீருக்கும் ஆதாரமாக இருந்த சுமார் 1,100 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. அங்கே டயர் தொழிற்சாலை அமைக்க வந்தது பிரான்சின் மிஷ்லின் நிறுவனம். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், போராடினார்கள், கைதானார்கள். 2012-ல் ஊர்ச் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து பிரான்சிலேயே ஓ.இ.சி.டி. விதிகளின் கீழ் புகார் கொடுத்தன. ஒரு வண்டியின் பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனால் ஏதோ ஒரு ஊரின் மேய்க்காலில்தான் போய் நிற்கிறோம். வண்டி ஓடி முடித்த புகையும் வேறொரு ஊரின் காலனியில்தான் போய் இறங்குகிறது. இரண்டு முனையிலும் இருப்பது பெரும்பாலும் நம் ஆட்கள்.

இதைச் சொல்வதால் வண்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் பஸ்ஸில் நமக்கு இடம் இல்லை என்றார்கள். வண்டி நமக்கு வேண்டும், நல்ல வண்டி வேண்டும். மேலப்பிடாவூரில் ஒருவர் புல்லட் ஓட்டும் உரிமையில் ஒரு அங்குலம்கூடப் பேரம் இல்லை. அதில் அவர் பக்கம்தான் நிற்போம். எங்கள் தம்பிகளில் ஒருவர் தன் பைக்கில் இன்னும் சத்தமான சைலன்சரைத்தான் வைத்திருக்கிறார். "ஆபீஸ் வண்டி சரிக்கா, இது என் வண்டி" என்கிறார். அவரோடு வாதம் தொடர்கிறது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் மூச்சிரைப்பு உள்ள பாட்டி ஒருவர் இருக்கிறார், வாதத்தில் இப்போது அவரும் சேர்ந்திருக்கிறார்.

பழைய வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்குக் கடைசியாகச் சில வேலைகள். தூசுப் பகுதியில் ஓடினால் ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஹோஸ் பக்கம் சீறல் கேட்கிறதா, எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். பின்சீட்டில் ஆளை ஏற்றும் முன் சைலன்சர் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பயணிகள் தலைவலி, வாந்தி என்றால் கண்ணாடியை இறக்கி வண்டியை நிறுத்துங்கள். புகைச் சான்றைத் தேதி தவறாமல் எடுங்கள், பட்டறைப் பையனுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

சாலிஸ்காவில் அன்று குறைவாக இருந்தது மரியாதை அல்ல, ஓட்டத் தெரிந்த ஒரு கை. அதனால் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வண்டியை வைத்தே வகுப்பு எடுக்கப்போகிறோம். ஓட்டக் கற்பதும் பானெட்டைத் திறக்கக் கற்பதும் சேர்த்துத்தான். பெண் தோழர்களுக்கு முன்னுரிமை. மெக்கானிக் அண்ணன் வந்து சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், கூலியாக மதியச் சாப்பாடு கேட்டிருக்கிறார், மாட்டுக்கறியோடு.

ஜெய்பீம்.